உப்பைக் குறைத்தால் மீன் பிழைக்கும்!

கடலில் உள்ள மீனைச் சுற்றி நோய் பரவினால், அது நீந்தி வேறு இடத்துக்குப் போய்விடலாம். கண்ணாடித் தொட்டியில் உள்ள மீன் எங்கே போகும்?

போக இடம் இல்லை. நாலு பக்கமும் கண்ணாடி. அதே தண்ணீரில்தான் கிடக்க வேண்டும். அந்தத் தண்ணீரிலேயே நோய் பெருகும்.

கடல் மீன்களைத் தொட்டியில் வளர்ப்பது இன்று உலகம் முழுவதும் பெரிய பொழுதுபோக்கு ஆகிவிட்டது. நீல மீன், மஞ்சள் மீன், வரி போட்ட மீன், வெள்ளைப் பட்டை கட்டிய கோமாளி மீன் என்று எத்தனையோ வகை! குழந்தைகள் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆனால், வாங்கிய சில வாரங்களுக்குள் செத்துப்போகும் மீன்கள் பல. "கடல் மீன் நம் கைக்கு வராது" என்று சொல்லிவிட்டு, செத்த மீனுக்குப் பதில் இன்னொன்றை வாங்கி வருகிறவர்களும் உண்டு.

இது சரியல்ல. பல மீன்கள் சாவதற்குக் காரணம் ராசி அல்ல, அவசரம். புது மீனை முதலில் தனித் தொட்டியில் வைத்து, தண்ணீரின் உப்பைக் குறைத்து வைத்தியம் செய்தால், அவற்றில் பலவற்றைப் பிழைக்க வைக்கலாம். அதைச் செய்ய மனம் இல்லாதவர்கள் கடல் மீன் வாங்காமல் இருப்பதே நல்லது.

கடலில் இருந்து வீடு வரை

ஆடு, மாடு, கோழி போல இந்த மீன்கள் பண்ணையில் பிறந்தவை அல்ல. கோமாளி மீன் போன்ற சில இனங்களைத்தான் தொட்டியில் பொரிக்க வைக்கிறார்கள். மற்ற இனங்களில் மிகப் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்படுகின்றன. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இலங்கை போன்ற நாடுகளின் பவளப் பாறைகளில் இருந்து அவை வருகின்றன.

பிடித்தவரிடம் இருந்து வியாபாரிக்கு, வியாபாரியிடம் இருந்து ஏற்றுமதிக்காரருக்கு, பிறகு விமானத்தில் வேறு நாட்டுக்கு, அங்கிருந்து கடைக்கு, கடையில் இருந்து வீட்டுக்கு! இத்தனை கைகள் மாறி வருகிறது ஒரு சின்ன மீன்.

வழியில் எத்தனையோ தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் வேறு வேறு ஊர் மீன்கள். பசி, பயம், களைப்பு. உடம்பில் தெம்பு குறைந்த நேரம் பார்த்து நோய் தொற்றிக்கொள்கிறது.

இப்படி வந்த மீனை, வீட்டுக்கு வந்த அன்றே பெரிய தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மீன் உடம்பு எங்கும் வெள்ளைப் புள்ளி! உப்பு தூவியது போல இருக்கிறது. ஒரு மீனுக்கு வந்தது, அடுத்த வாரம் எல்லா மீனுக்கும் வந்துவிடுகிறது.

வெள்ளைப் புள்ளி என்பது என்ன?

அது ஓர் ஒட்டுண்ணி. மிகச் சிறிய ஜந்து. ஒரே ஓர் உயிரணுவால் ஆனது. அதன் விஞ்ஞானப் பெயர் கிரிப்டோகாரியான் இரிடன்ஸ். 1937-ம் ஆண்டில் ஜப்பானில் சிகாமா என்ற ஆராய்ச்சியாளர் இந்த நோயைப் பற்றி எழுதினார். 1951-ம் ஆண்டில் பிரவுன் என்ற ஆராய்ச்சியாளர் அந்த ஜந்துவுக்கு இந்தப் பெயரை வைத்தார்.

இந்த ஜந்துவின் வாழ்க்கை ஒரு திருடனின் வாழ்க்கை போன்றது. பகலில் பதுங்கும். இருட்டில் புறப்படும்.

முதலில் அது மீனின் தோலுக்குள் புகுந்துகொள்கிறது. மேல் தோலுக்கு அடியில் இருந்து மீனின் சதையையும் சாற்றையும் தின்று கொழுக்கிறது. அதுதான் நம் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. இப்படி 3 நாள் முதல் 7 நாள் வரை மீன் உடம்பில் இருக்கிறது.

நன்றாகத் தின்ற பிறகு மீனை விட்டுக் கீழே விழுகிறது. தொட்டியின் அடியில் மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொள்கிறது. தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்கிறது.

கூட்டுக்குள் அது சும்மா இருப்பதில்லை. ஒன்று இரண்டாகிறது. இரண்டு நான்காகிறது. ஒரே கூட்டில் இருந்து 200 குஞ்சுகள் வரை வெளியே வருகின்றன. சில கூடுகள் 3 நாளில் உடையும். சில 28 நாள் வரை ஆகும். 72 நாள் வரை காத்திருந்து உடைந்த கூடுகளையும் ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

வெளியே வந்த குஞ்சு ஒன்று அல்லது இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் செத்துவிடும்.

பரந்த கடலில் 200 குஞ்சுகளில் பெரும்பாலானவை மீனைக் காணாமல் செத்துப்போகின்றன. ஒன்றிரண்டுதான் பிழைக்கும். ஆகவே கடலில் இந்த நோய் அளவோடு நிற்கிறது.

தொட்டியில் அப்படியா? எந்தப் பக்கம் திரும்பினாலும் மீன்! தொட்டது எல்லாம் இரை!

புள்ளி மறைந்தது, நோய் மறையவில்லை

இந்த நோயில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு.

ஒரு நாள் காலையில் பார்த்தால் புள்ளிகளைக் காணோம். மீன் சுத்தமாக இருக்கிறது. "நோய் போய்விட்டது" என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள்.

நோய் போகவில்லை. ஜந்து தின்று முடித்துவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான். திருடன் தெருவை விட்டுப் போனது கூட்டாளிகளை அழைத்து வருவதற்காக!

இரண்டாவது தடவை புள்ளிகள் முன்னைவிட அதிகமாக வரும். மூன்றாவது தடவை இன்னும் அதிகம். தோலில் உள்ள புள்ளிதான் நமக்குத் தெரியும். உண்மையான ஆபத்து செவுளில் இருக்கிறது. மீன் மூச்சு விடுவது செவுளால்தான். ஜந்துக்கள் செவுளை அரித்துவிட்டால் மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

பிழைத்த மீன்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வரும். ஆனால் அந்த மீனே ஒன்றிரண்டு ஜந்துக்களைச் சுமந்துகொண்டு இருக்கலாம். பார்வைக்கு நல்ல மீன். அடுத்து வரும் புது மீனுக்கு அதுவே எமன்.

ஆகவே கண்ணை மட்டும் நம்பி இந்த நோய்க்கு வைத்தியம் செய்யக் கூடாது. காலண்டரைப் பார்த்து நாள் கணக்கில்தான் செய்ய வேண்டும்.

செங்கடல் கரையில் கண்ட வழி

இஸ்ரேல் நாட்டின் தென்கோடியில், செங்கடல் கரையில் ஈலத் என்ற நகரம் இருக்கிறது. அங்கே கடல் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. உணவுக்காக வளர்த்த மீன்களை இந்த வெள்ளைப் புள்ளி நோய் அங்கே வாட்டியது.

ஆஞ்சலோ கொலோர்னி என்ற ஆராய்ச்சியாளர் அந்த ஜந்துவின் வாழ்க்கையைக் கவனமாகப் படித்தார். எந்த நேரத்தில் அதை அடித்தால் விழும் என்று பார்த்தார். கடல் நீரில் உப்பை வெகுவாகக் குறைத்தால் கூட்டுக்குள் இருக்கும் ஜந்து தாங்காமல் அழிகிறது என்று கண்டார். மீனோ தாங்கிக்கொள்கிறது! 1985-ம் ஆண்டில் அவர் இதை வெளியிட்டார்.

விஷ மருந்து எதுவும் போடாமல், தண்ணீரில் இருக்கும் உப்பைக் குறைத்தே நோயை ஒழிக்கும் இந்த வழியைத் தொட்டி மீன் வளர்ப்பவர்களும் பின்னர் பிடித்துக்கொண்டார்கள்.

உப்பு குறைந்தால் ஜந்து ஏன் சாகிறது?

இதைப் புரிந்துகொள்ளச் சமையல் அறைக்குப் போனால் போதும்.

வெள்ளரிப் பிஞ்சை நறுக்கி உப்புப் போட்டு வையுங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். உலர்ந்த திராட்சையை வெறும் தண்ணீரில் போடுங்கள். தண்ணீரை இழுத்து உப்பிவிடும்.

மெல்லிய தோலுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் இருந்தால், கரைந்த பொருள் குறைந்த பக்கத்தில் இருந்து அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் போகும். இது இயற்கையின் விதி.

வெள்ளைப் புள்ளி ஜந்து கடல் உப்புக்குப் பழகியது. வெளியே உப்பு திடீர் என்று குறைந்தால் அதன் உடம்புக்குள் தண்ணீர் பாய்கிறது. தண்ணீரை வெளியே தள்ள அதனால் முடிவதில்லை. திராட்சை போல உப்பி, கடைசியில் வெடித்துவிடுகிறது.

மீன் ஏன் வெடிப்பதில்லை? மீனின் உடம்பு வேறு மாதிரி. கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கடல் மீனின் ரத்தத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கிறது. ஆகவே கடல் மீனின் உடம்பில் இருந்து தண்ணீர் ஓயாமல் வெளியே கசிகிறது. அதை ஈடு செய்ய மீன் கடல் நீரைக் குடிக்கிறது. கூடவே வந்த உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. இரவு பகலாக இந்த வேலை நடக்கிறது!

வெளியே உள்ள உப்பைக் குறைத்தால் மீனுக்கு இந்த வேலை குறைகிறது. மீனின் ரத்தமும் தொட்டித் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிடுகின்றன. நோயில் படுத்த மீனுக்கு இது ஒரு வகையில் ஓய்வு.

கழிமுகத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. கொடுவாயும் மடவையும் கடலிலும் வாழும், உப்பங்கழியிலும் வாழும். மழைக்காலத்தில் பழவேற்காடு ஏரியில் வெள்ளம் வந்து உப்பு குறைகிறது. அதைத் தாங்கும் மீன்கள் அங்கே இருக்கின்றன. பவளப் பாறை மீன்கள் அப்படி ஊர் மாறிப் பழகியவை அல்ல. இருந்தாலும் மெல்லக் குறைத்தால் அவற்றில் பெரும்பாலானவை தாங்கிக்கொள்கின்றன.

எப்படிக் குறைப்பது?

தனித் தொட்டி ஒன்று வேண்டும். அது அழகாக இருக்க வேண்டியதில்லை. மணல் வேண்டாம். கல் வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ள ஒன்றிரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் போதும். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியும், காற்று தரும் பம்பும் வேண்டும்.

லிட்டருக்கு 35 கிராமாக இருக்கும் உப்பை 12 முதல் 14 கிராம் வரை இறக்க வேண்டும். இதை ஒரே மூச்சில் செய்யக் கூடாது. இரண்டு நாள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

100 லிட்டர் தொட்டி என்றால் கணக்கு சுலபம். 20 லிட்டர் கடல் நீரை எடுத்துவிட்டு, 20 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றினால் உப்பு 28 கிராமாகும். இன்னொரு தடவை செய்தால் சுமார் 22. மூன்றாவது தடவை சுமார் 18. நான்காவது தடவை 14 கிராமுக்குச் சற்று மேல். அதன் பிறகு இன்னும் கொஞ்சம் மாற்றினால் வேண்டிய அளவு வந்துவிடும். ஊற்றும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. தொட்டித் தண்ணீரின் சூடும் அதன் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அளவு பார்ப்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லும் காரியம் அல்ல இது. ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதற்கு ரிப்ராக்டோ மீட்டர் என்று பெயர். அதையும் சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும். கருவி தவறாகக் காட்டினால் வைத்தியமும் தவறிவிடும்.

16 கிராமுக்கு மேல் உப்பு ஏறிவிட்டால் ஜந்து தப்பிவிடலாம். மீனைக் கஷ்டப்படுத்தியதுதான் மிச்சம்.

சாம்பார் சுண்டினால் உப்புக் கரிக்கிறது அல்லவா? தொட்டியிலும் அதே கதைதான். தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் உப்பு தானாக ஏறிவிடும். ஆகவே தினமும் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி, அளந்து பார்க்க வேண்டும்.

மீனின் கழிவில் இருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். அதைத் தின்று சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாக்கள் வடிகட்டியில் இருக்கின்றன. உப்பு மாறும்போது அவை சோர்ந்துவிடும். ஆகவே அம்மோனியாவையும் சோதிக்க வேண்டும். அதிகமானால், அதே குறைந்த உப்புள்ள தண்ணீரைக் கொண்டு பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும்.

கடைசிப் புள்ளி மறைந்த நாளில் இருந்து நான்கு வாரம் இப்படியே வைத்திருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே மீன் துள்ளி விளையாடும். "போதும்" என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்துவது போன்ற காரியம் அது.

நான்கு வாரம் முடிந்ததும் உப்பைத் திரும்ப ஏற்ற வேண்டும். இறக்குவதற்கு இரண்டு நாள். ஏற்றுவதற்கோ ஒரு வாரமாவது வேண்டும். உப்பைத் தள்ளும் வேலையை மீனின் செவுள் மறுபடியும் தொடங்கவேண்டி இருப்பதால், ஏற்றுவதில் அதிக நிதானம் தேவை.

பெரிய தொட்டியில் செய்யலாமா?

கூடாது! பவளம், இறால், நத்தை, நட்சத்திர மீன் போன்றவற்றுக்குத் தங்கள் உடம்பின் உப்பை மீனைப் போலச் சரிசெய்துகொள்ளும் சக்தி கிடையாது. ஜந்துவைக் கொல்லும் தண்ணீர் அவற்றையும் கொல்லும். சுறா, திருக்கை வகைகளுக்கும் இந்த வைத்தியம் ஆகாது.

அப்படியானால் நோய் வந்த பெரிய தொட்டியை என்ன செய்வது? எல்லா மீன்களையும் வெளியே எடுத்துத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். பெரிய தொட்டி சுமார் இரண்டரை மாதம் மீன் இல்லாமல் இருக்க வேண்டும். இந்த ஜந்து பவளத்தையோ இறாலையோ தின்று வாழாது. அதற்கு மீன்தான் வேண்டும். மீன் கிடைக்காத குஞ்சுகள் பட்டினி கிடந்து அழிந்துவிடும்.

இரண்டரை மாதம் வெறும் தொட்டி! முதலிலேயே புது மீனைத் தனியே வைத்திருந்தால் இந்தத் தண்டனை இல்லை.

எல்லா நோய்க்கும் இது மருந்து அல்ல

உப்பைக் குறைப்பது நல்ல வைத்தியம். ஆனால் சர்வரோக நிவாரணி அல்ல.

வெல்வெட் நோய் என்று ஒன்று உண்டு. மீன் மேல் பொன் தூள் தூவியது போல இருக்கும். சில நாட்களிலேயே மீனைக் கொன்றுவிடும். அந்த ஜந்து இதைவிடக் குறைந்த உப்பிலும் பிழைத்திருக்கும். வெள்ளைப் புள்ளி என்று நினைத்து வெல்வெட் நோய்க்கு உப்பைக் குறைத்துக்கொண்டு இருந்தால், நாள் வீணாகும். மீனும் போய்விடும். அதற்குச் செம்பு கலந்த மருந்து போன்ற வேறு வைத்தியம் வேண்டும்.

வெள்ளைப் புள்ளி ஜந்துவிலும் முரட்டு வகை உண்டு. குறைந்த உப்பிலும் வாழும் வகைகளைத் தைவான் நாட்டில் கண்டதாக 2003-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஆகவே உப்பைச் சரியாக அளந்து குறைத்தும் புள்ளிகள் திரும்பத் திரும்ப வந்தால், வேறு வழிக்குப் போக வேண்டும்.

நம் ஊரில் தங்க மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அந்த மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் தண்ணீரில் கல் உப்புப் போடுவது வழக்கம் ஆயிற்றே? இங்கே உப்பைக் குறைக்கச் சொல்கிறார்களே?

இரண்டும் வேறு வேறு ஜந்துக்கள். பார்வைக்கு ஒன்று போல இருக்கும். நல்ல தண்ணீரில் வாழும் ஜந்துவுக்கு உப்பு ஆகாது. கடலில் வாழும் ஜந்துவுக்கு உப்பு குறைந்தால் ஆகாது. பழகிய தண்ணீரை மாற்றி எதிரியைத் தடுமாற வைப்பதுதான் இரண்டு வைத்தியத்துக்கும் அடிப்படை.

தனியே வைப்பது கொடுமையா?

"வந்த மீனை ஒரு மாதம் வெறும் தொட்டியில் அடைப்பதா? பாவம் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு.

நோயைத் தடுக்கத் தனியே நிறுத்தி வைக்கும் வழக்கம் பழையது. பிளேக் நோய்க்குப் பயந்து, 1377-ம் ஆண்டில் ரகுசா என்ற துறைமுக நகரம், நோய் உள்ள ஊர்களில் இருந்து வந்தவர்களை 30 நாள் ஊருக்கு வெளியே நிறுத்தியது. பிறகு அது வேறு துறைமுகங்களில் 40 நாள் ஆயிற்று. 2020-ம் ஆண்டில் கொரோனா வந்தபோது, வெளியூரில் இருந்து வந்தவர்கள் 14 நாள் தனியே இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் மண்டபம் முகாம் என்ற ஊரின் பெயரிலேயே இந்தக் கதை இருக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன ஏழைத் தொழிலாளர்களை அங்கே நிறுத்தி, நோய் இல்லை என்று கண்ட பிறகே கடல் தாண்ட விட்டார்கள். அது அந்த மக்களுக்குக் கசப்பான அனுபவம். பிற்காலத்தில் அதே மண்டபம் முகாமில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் வேலையும் அங்கே நடந்திருக்கிறது.

தனியே வைப்பது கொடுமை ஆவதும் கருணை ஆவதும் வைக்கும் விதத்தில் இருக்கிறது. அடைத்துப் போட்டுவிட்டு மறந்தால் அது கொடுமை. நல்ல தண்ணீர், ஒளிய இடம், வேளைக்கு இரை, அமைதி ஆகியவற்றைக் கொடுத்தால் அது கருணை. நீண்ட பயணத்தில் நொந்துபோன மீன், பெரிய மீன்களின் துரத்தல் இல்லாமல் சாப்பிட்டுத் தேறுவதற்கு அது நல்ல இடம்.

யார் பொறுப்பு?

"இத்தனை தொல்லை எதற்கு? செத்தால் இன்னொரு மீன் வாங்கிக்கொள்ளலாமே" என்பது சிலரின் வாதம். பணம் உள்ளவர்கள் அப்படிச் சொல்லலாம். ஆனால் அந்த இன்னொரு மீன் எங்கிருந்து வருகிறது? கடலில் இருந்துதான்! இங்கே ஒரு மீன் செத்தால், அங்கே ஒரு பவளப் பாறையில் இன்னொரு மீனுக்கு வலை விழுகிறது. நம் அவசரத்துக்குக் கடல் கப்பம் கட்டுகிறது.

தொட்டியில் நன்றாக வளர்த்தால் கோமாளி மீன் இருபது வருஷம்கூட வாழும். வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலத்தில் வாங்கிய மீன், அந்தப் பிள்ளையின் கல்யாணத்தையும் பார்க்கலாம்! அப்படிப்பட்ட உயிரை ஒரு மாதம் பொறுக்க முடியாமல் இருபது நாளில் இழப்பது நியாயமா?

பழியை வாங்குகிறவர்கள் மேல் மட்டும் போடக் கூடாது. கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. கப்பலிலோ விமானத்திலோ வந்த மீனை வந்த அன்றே விற்றால் கடைக்காரருக்குச் செலவு குறைவு. செத்தால் நஷ்டம் வாங்கியவருக்கு. இது நல்ல வியாபாரம் அல்ல. மீனைத் தனியே வைத்து, வைத்தியம் செய்து, நன்றாகச் சாப்பிடுகிறது என்று தெரிந்த பிறகு விற்கலாம். அதற்காகக் கொஞ்சம் அதிக விலை கேட்கலாம். அந்த விலையைக் கொடுக்க வாங்குகிறவர்களும் தயங்கக் கூடாது. மலிவாக வாங்கிய மூன்று மீன் சாவதைவிட, விலை கொடுத்து வாங்கிய ஒரு மீன் வாழ்வது லாபம்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சாதாரணக் கண்ணாடித் தொட்டி, ஒரு வடிகட்டி, ஒரு பம்பு, ஒரு அளவுக் கருவி. இவற்றை ஒரு தடவை வாங்கினால் பல வருஷம் வரும். கடல் மீன் தொட்டிக்கும், விளக்குக்கும், பவளத்துக்கும் கொட்டும் பணத்தோடு பார்த்தால் இது சிறிய தொகை. இதை மிச்சப்படுத்த நினைப்பவர், வீடு கட்டிவிட்டுக் கதவு போடக் காசு இல்லை என்பவருக்குச் சமம்.

வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் இதில் பாடம் உண்டு. தினமும் உப்பை அளந்து நோட்டில் எழுதும் வேலையைப் பெரிய பிள்ளையிடம் கொடுக்கலாம். மீன் எத்தனை புள்ளியோடு இருக்கிறது, என்ன சாப்பிட்டது என்று எழுதி வைக்கச் சொல்லலாம். கூட்டல் கழித்தலும் வரும். பொறுமையும் வரும். ஓர் உயிரைக் கவனிப்பது என்றால் என்ன என்பதும் தெரியும்.

கடல் மீன் வாங்கப் போகிறவர்கள், மீனுக்குப் பணம் கொடுக்கும் முன்பே தனித் தொட்டியைத் தயார் செய்துவிட வேண்டும். தொட்டி தயாராக இல்லையா? மீன் கடையிலேயே இருக்கட்டும். அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.